புல்லட்டுக்கு எதுக்குய்யா புத்தூர் கட்டு?

கொஞ்ச வருஷமா ஒரு விஷயத்தைக் கவனிச்சுட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை விடிகாலைல ஈசிஆர் பக்கம் ஒரு டீக்கடையில நின்னீங்கன்னா பழைய புல்லட்டுங்க வரிசையா வந்து நிக்கும். கருப்பு, சிவப்பு, மிலிட்டரி பச்சை. பாக்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தா, நிறைய வண்டிக்கு இன்ஜின்லேருந்து சைலன்சர் வரைக்கும் வர்ற பெண்டு பைப் மேல துணி சுத்தியிருக்கும். வெள்ளைத்துணி, காப்பிக்கலர் துணி, கருப்புத் துணி. மேலயும் கீழயும் ஸ்டீல் கிளிப் வேற. கால் ஒடிஞ்சவனைக் கூட்டிட்டுப் போய் புத்தூர்ல கட்டு போட்டுக் கூட்டியாந்த மாதிரியே இருக்கும் :-)

இதுக்குப் பேரு எக்ஸாஸ்ட் ராப். "மச்சி, கஸ்டம் பைப் போட்டு ராப் பண்ணியாச்சு"ன்னு சொல்றப்போ பசங்க முகத்துல ஒரு பெருமை வரும் பாருங்க, அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது. ஆனாலும் எழுதித்தான் ஆகணும். முடிவை முதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு கஸ்டம் பைப் போடறது தப்பே இல்ல. ஒழுங்கா செஞ்சா அழகான வேலை. ஆனா அதுமேல கட்டு போடறது, நூத்துக்குத் தொண்ணூறு இடத்துல, வண்டிக்குச் செய்யற துரோகம். ஏன்னு கேட்டா மேல படிங்க.

கட்டு எங்கேருந்து வந்துச்சு?

இந்தத் துணி பெரும்பாலும் கண்ணாடி இழையில நெய்தது. எரிமலைப் பாறையை உருக்கி இழையா இழுத்துச் செய்யறதும் உண்டு. ரேஸ் கார்காரங்க இதைச் சுத்தறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. கார்ல இன்ஜின் மூடிக்குள்ள அடைஞ்சு கிடக்கு. பைப் சூடு பக்கத்துல இருக்கற ஒயர், ரப்பர் ஹோஸ், உள்ள போற காத்து எல்லாத்தையும் சுட வைக்கும். பைப்பைச் சுத்திட்டா சூடு பைப்புக்குள்ளயே இருக்கும். டர்போ இருக்கற வண்டியில அந்தச் சூடு டர்போவைச் சுத்தவும் உதவும். புகை சூடா இருந்தா லேசா இருக்கும், வேகமாவும் வெளியேறும். எல்லாம் சரிதான்.

ஆனா நம்ம புல்லட்டுல பைப் எங்க இருக்கு? வண்டிக்கு முன்னாடி, திறந்தவெளியில, எதிர்க்காத்து நேரா வந்து மோதற இடத்துல. அங்க காப்பாத்தறதுக்கு ஹோஸும் இல்ல, ஒயரும் இல்ல. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஏறக்குறைய 18 குதிரைசக்தி. அறுபதுல ஆடி அசைஞ்சு போறதுக்குன்னே பொறந்த வண்டி. அதுல புகை ரெண்டு பங்கு வேகமா வெளியேறி என்ன சாதிக்கப் போகுது? திருவொற்றியூர்லேருந்து தாம்பரத்துக்கு நாலு நிமிஷம் முன்னாடி போய்ச் சேரப் போறீங்களா? ரேஸ் இன்ஜின் முழு திராட்டில்லயே ஓடும். நம்ம வண்டி பாதி நேரம் சிக்னல்லதானே நிக்குது.

"கஃபே ரேசர் ஸ்டைல் சார்"னு ஒரு பதில் வரும். அதையும் பாத்துடலாம். லண்டன்ல நார்த் சர்குலர் ரோட்டுல 1938ல ஏஸ் கஃபேன்னு ஒரு கடை திறந்தாங்க. 50கள், 60கள்ல அங்க கூடின பசங்கதான் இந்த கஃபே ரேசர் கலாச்சாரத்துக்கு முன்னோடிங்க. ராயல் என்ஃபீல்டே 1964ல கான்டினென்டல் ஜிடி 250ன்னு ஒரு வண்டியை அந்தப் பசங்களுக்காகவே விட்டாங்க. அந்தக்கால வண்டிங்க படத்தை எடுத்துப் பாருங்க. பளபளன்னு குரோம் போட்ட, பின்னால வளைஞ்சு போற பைப்தான் அவங்க பெருமை. அதைத் துணியால மூடறதுன்னா அவங்களுக்குப் பைத்தியக்காரத்தனமா தெரிஞ்சிருக்கும். கட்டு போடற பழக்கம் ரொம்பப் பின்னாடி வந்த ஃபேஷன். அதைப் பழமைன்னு நெனைச்சு பழைய வண்டியில சுத்தறோம்.

கட்டுக்குள்ள என்ன நடக்குது?

இது வேதியியல் பாடம், ஆனா ரெண்டே நிமிஷம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். ஆவியா போறதால நமக்குத் தெரியறதில்ல. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் சைலன்சர் வாயிலேருந்து சொட்டுதே, அதான் இது. பக்கத்துத் தெரு வரைக்கும் போய்ட்டு வந்து நிறுத்தினா பைப் முழுசா சூடாகறதே இல்ல, அந்தத் தண்ணி உள்ளயே நிக்கும். ஆக பைப்புக்கு உள்பக்கம் ஏற்கனவே துருவோட சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்கு.

இப்ப வெளிப்பக்கமும் துணியைச் சுத்துங்க. மழையில நனையும். கழுவினா நனையும். சென்னை மாதிரி ஊர்ல உப்புக் காத்துலயே ஊறும். ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு வாரம் வண்டியை வெளிய நிறுத்தினா ஈரத்துணியைப் பைப்போட சேர்த்துக் கட்டி வெச்ச மாதிரிதான். ஓட்டினா காயும், வாஸ்தவம். ஆனா காயறப்போ உப்பு உள்ளயே தங்கிடும். அடுத்த மழைக்கு மறுபடி ஊறும். சூடு, ஈரம், உப்பு மூணும் மாறி மாறி வந்தா சாதா இரும்பு என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

நண்பர் ஒருத்தரோட அப்பா வாங்கின 1978 மாடல் வண்டி. அப்பா இப்ப இல்ல. இவர் ஆசை ஆசையா ரெடி பண்ணினார். ஒரு ஒர்க்‌ஷாப்புல (பேரு வேணாம்) கஸ்டம் பைப்னு சாதா இரும்புல அடிச்சு, வெல்டிங்கைக்கூட தேய்க்காம, மேல துணியைச் சுத்திக் குடுத்துட்டாங்க. ரெண்டு மழைக்காலம் போச்சு. வண்டி ஆக்சிலரேட்டரை விடறப்பல்லாம் பட் பட்னு வெடிக்குதுன்னு எங்கிட்ட கொண்டு வந்தார். கிளிப்பை வெட்டி துணியைப் பிரிச்சோம். அப்பளம் மாதிரி துரு பேந்து வருது. கீழ் வளைவுல, தண்ணி தேங்கற இடத்துல, குண்டூசி நுழையற மாதிரி நாலஞ்சு ஓட்டை. ஒரு வெல்டிங் பாதி சுத்துக்கு விரிசல். ஒர்க்‌ஷாப்புல போய்க் கேட்டதுக்கு "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்"னாங்களாம். வண்டிதான் பழசு. பைப்புக்கு ரெண்டு வயசுகூட நிறையலையே சாமி!

அந்த வேலையில எனக்கு எரிச்சல் வந்தது துருவுக்காக இல்ல. மட்டமான வெல்டிங்கை மறைக்கத்தான் அந்தத் துணி. அதான் இதுல பெரிய பிரச்சினை. கட்டு எல்லாத்தையும் மறைச்சிடும்.

பைப் பேசும், கேக்க விடுங்க

பழைய வண்டியில கம்ப்யூட்டர் கிடையாது, எரர் கோடு கிடையாது. வண்டி நம்மகிட்ட பேசற வழி நாலஞ்சுதான். சத்தம், வாசனை, பிளக் கலர், பைப் கலர். பைப் ஹெட் பக்கத்துல அளவுக்கு மீறி நீலம் பாய்ஞ்சா, பெட்ரோல் குறைச்சலா போகுது, இல்ல டைமிங் பின்தங்கியிருக்குன்னு அர்த்தம். டைமிங் பின்தங்கினா நெருப்பு எரிஞ்சு முடியறதுக்குள்ள வால்வு திறந்துடும், சூடெல்லாம் பைப்புக்கு வந்துடும். இரும்பு இன்ஜின் புல்லட்டுல பைப் ஹெட் துவாரத்துல சொருகித்தான் நிக்கும். அந்த இடத்துல கருப்புக் கரி தீத்தினா லீக்னு தெரியும். விரிசல் விட்டா அதுவும் புகைக்கோடு போட்டுக் காட்டும்.

நீலம் அசிங்கமா இருக்குன்னு கட்டு போடறவங்க நிறைய. ஜுரம் அடிக்கற புள்ளைக்கு தெர்மாமீட்டரை ஒளிச்சு வெச்சா ஜுரம் போயிடுமா?

இன்னொண்ணு, இது விளையாட்டு இல்ல. எண்ணெய் ஒழுகாத பழைய புல்லட்டைப் பாத்தா உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்னு ஒரு ஜோக் உண்டு. ராக்கர் மூடி கேஸ்கெட்டுலேருந்தோ, ராக்கருக்குப் போற எண்ணெய்க் குழாய் முனையிலேருந்தோ கசியற எண்ணெய் ஹெட் வழியா இறங்கினா, நேரா பைப் கழுத்துக்குத்தான் வரும். வெறும் பைப்புல விழுந்தா சொய்ங்னு புகைஞ்சுட்டுப் போயிடும். துணி சுத்தியிருந்தா? எண்ணெயைக் குடிச்சு வெச்சுக்கும். எண்ணெய் ஊறின துணிக்கு நம்மூர்ல என்ன பேருன்னு கார்த்திகைக்கு அகல் ஏத்தற எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நாலு விரக்கடை மேல பெட்ரோல் டேங்க் இருக்குங்கறதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

சரி, கஸ்டம் பைப் எப்படிப் போடறது?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லாருக்காது. அந்த 1978 வண்டிக்கு அப்புறம் நாங்களே உக்காந்து ஒரு பைப் பண்ணினோம். புதுப்பேட்டையில பைப் வளைக்கறவர் ஒருத்தர், ஆர்கான் வெல்டிங் அடிக்கறவர் ஒருத்தர், ரெண்டு பேரும் கை தேர்ந்த ஆளுங்க. அதுலேருந்து சில விஷயம்:

1. முதல்ல கம்பி. பைப் போக வேண்டிய வழியில ஒரு மெல்லிசான கம்பியை வளைச்சு வண்டியில வெச்சுப் பாருங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, முன்பக்க ஃபோர்க்கை அமுக்கிப் பாத்து, மட்கார்டு இடிக்கலைன்னு உறுதி பண்ணுங்க. கிக்கர் வலதுபக்கம்தான், அது முழுசா சுத்தணும். டாப்பெட் மூடியும் வலதுபக்கம்தான், ஸ்பானரோட கை போகணும். ஆயில் கழட்டற நட்டுக்கு இடம் விடுங்க. பாதி பேர் இதைப் பாக்காம வளைச்சுட்டு, அப்புறம் ஒவ்வொரு சர்வீசுக்கும் பைப்பைக் கழட்டறாங்க.

2. இரும்பு எது? காசு இருந்தா 304 கிரேடு ஸ்டெயின்லெஸ். இல்லாட்டி ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத சாதா பைப் வாங்கி குரோமோ, சூடு தாங்கற பெயின்ட்டோ அடிங்க. தயவுசெஞ்சு தண்ணிக்குப் போடற ஜிஐ பைப்பைக் கொண்டு போய்க் குடுக்காதீங்க. அதுமேல இருக்கற துத்தநாகம் வெல்டிங் சூட்டுல புகையா வரும். அடிக்கறவருக்கு அன்னிக்கு ராத்திரி குளிர்ஜுரம்தான். உங்க மலிவுக்கு அவர் ஏன் படுக்கணும்?

3. வளைக்கறப்போ மணல். பைப் ரெண்டு முனையையும் அடைச்சு, உள்ள நல்லா காய்ஞ்ச மணலைத் தட்டித் தட்டி நிரப்பிட்டு, கேஸ்ல காய்ச்சி வளைப்பாங்க. வளைவு சப்பையாகாது. மணல்ல ஈரம் இருந்தா ஆவியாகி அடைப்பு குண்டு மாதிரி தெறிக்கும். அதனால மணலை வறுத்துத்தான் போடணும். நம்ம ஆளு இரும்புச் சட்டியில ரவை வறுக்கற மாதிரி வறுத்தாரு.

4. வண்டியில வெச்சு புள்ளி புள்ளியா மட்டும் வெல்டிங். முழு வெல்டிங் கழட்டிக் கீழ வெச்சுத்தான். வண்டியில அடிக்கறப்போ பேட்டரி ஒயரைக் கழட்டிடுங்க. எர்த் கிளிப்பை அடிக்கற பைப் மேலயே போடுங்க. எங்கயோ சேசிஸ்ல போட்டா கரன்ட் இன்ஜின் பேரிங் வழியா போகும்.

5. மாட்டறப்போ எல்லா நட்டையும் லூசா போட்டுட்டு, முதல்ல ஹெட் பக்கம், அப்புறம் கால் மிதி பக்கம், கடைசியா சைலன்சர் பிராக்கெட். பைப்பை இழுத்துப் பிடிச்சு நட்டு போட்டா, ஒத்தை சிலிண்டர் அதிர்வுல எங்கயாவது விரிசல் விட்டே தீரும். இந்த ஒரு விஷயத்துக்குப் பொறுமை இருந்தா பைப் இருபது வருஷம் நிக்கும்.

6. பைப்போ சைலன்சரோ மாத்தினா கார்புரேட்டரையும் பாக்கணும். புகை தாராளமா போனா பெட்ரோல் பத்தாது, பெரும்பாலும் மெயின் ஜெட் ஒரு நம்பர் ஏறணும். கொஞ்சம் வேகமா ஓட்டிட்டு, ஓட்டத்துலயே இன்ஜினை அணைச்சு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பிஸ்கட் கலர்னா நல்லது. வெள்ளைன்னா பெட்ரோல் பத்தல. கரின்னா அதிகம்.

அப்ப கட்டே கூடாதா?

பத்துல ஒரு இடத்துல நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். பைப்பை மேல் வழியா கொண்டு போற ஸ்கிராம்ப்ளர் டைப் வண்டி. அதுல பைப் கார்புரேட்டருக்கும் நம்ம தொடைக்கும் பக்கத்துல போகும். அங்க சூட்டைத் தடுத்தே ஆகணும். அதுக்கும் என் முதல் ஓட்டு தகடுக்குத்தான். ஓட்டை போட்ட தகட்டை ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டினா போதும், நடுவுல காத்து ஓடும், பைப்பும் கண்ணுக்குத் தெரியும். காசு இருந்தா செராமிக் கோட்டிங் உண்டு.

இல்ல, கட்டுதான் வேணும்னு அடம் பிடிச்சா இந்த முறையிலயாவது செய்யுங்க. பைப் ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கணும். ஒரு இஞ்ச் அகலத் துணி, ரெண்டு இஞ்ச் வளைவுல மடங்காது. கண்ணாடி இழைத் துணியைத் தண்ணில ஊற வெச்சுச் சுத்தினா இறுக்கமா படியும், தூசும் பறக்காது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், இல்லாட்டி ரெண்டு நாளைக்குச் சொறிஞ்சுக்கிட்டே இருப்பீங்க. கீழேருந்து மேல சுத்துங்க, ஒவ்வொரு சுத்தும் கீழ் சுத்து மேல கால் இஞ்ச் ஏறணும். கூரை வேயறவர் இறவாரத்துலேருந்து ஆரம்பிச்சு மேல போவார்ல, அதே கணக்குதான். அப்பத்தான் தண்ணி உள்ள போகாம வழியும். முதல் தடவை சூடாகறப்போ புகையும், பயப்பட வேணாம், ஆனா வீட்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க. எண்ணெய்க் கசிவு இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. வருஷத்துக்கு ஒருதடவை, மழை முடிஞ்சதும், பிரிச்சுப் பாருங்க.

இன்னொரு எச்சரிக்கை. மலிவா இருக்கேன்னு பாய்லர் சாமான் கடையில கிடைக்கற கல்நார்க் கயிறோ நாடாவோ வாங்கிட்டு வந்து மெக்கானிக் கையில குடுக்காதீங்க. கல்நார் எந்த வகையா இருந்தாலும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு எப்பவோ சொல்லியாச்சு. அதுவும் உடனே தெரியாது, பல வருஷம் கழிச்சு நுரையீரல்ல காட்டும். சுத்தறது உங்க வண்டிக்கு. மூச்சுல இழுக்கறது ஒர்க்‌ஷாப்ல ஸ்பானர் எடுத்துக் குடுக்கற பதினெட்டு வயசுப் பையன்.

சத்தம்னு ஒண்ணு இருக்கே

கஸ்டம் பைப்னாலே கூடவே வர்ற சமாச்சாரம் இது. ஷார்ட் பாட்டில், பஞ்சாப், இந்தோரி, கோல்டீ, மெகாஃபோன்னு ஏகப்பட்ட சைலன்சர் கடையில தொங்குது. சிலதுல உள்ள தட்டும்போதே தெரியும், ஒண்ணுமே இல்ல, வெறும் டப்பா.

"புல்லட்னா சத்தம் வரணும் சார்"னு சொல்றவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒரிஜினல் புல்லட்டைக் கேட்டிருக்கீங்களா? ஒழுங்கா ட்யூன் பண்ணின வண்டி, ஒரிஜினல் நீள சைலன்சர். ஐடிலிங்ல விட்டா டப்... டப்... டப்னு ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்கும். அதுல அதட்டல் இருக்காது. பெரியவர் ஒருத்தர் தாழ்வாரத்துல உக்காந்து நிதானமா கதை சொல்ற மாதிரி இருக்கும். அதைக் காது கிழியற அளவுக்கு ஏத்தினா கதை போயிடும், கத்தல்தான் மிஞ்சும்.

சட்டக்கணக்கும் தெரிஞ்சுக்குங்க. குடியிருப்புப் பகுதியில ராத்திரிக்கு 45 டெசிபல், பகலுக்கு 55ன்னு 2000ல வந்த ஒலி மாசு விதி சொல்லுது. 175 சிசிக்கு மேற்பட்ட டூவீலர் கம்பெனியிலேருந்து வர்றப்போ 80 டெசிபல் தாண்டக்கூடாதுன்னு 2005லேருந்து ஒரு அளவு வெச்சாங்க. பத்து டெசிபல் ஏறினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்துல 190(2) பிரிவுப்படி, 2019 திருத்தத்துக்கு அப்புறம், சத்தத்துக்கு முதல் தடவையே 10,000 ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. பல ஊர்கள்ல போலீஸ் புடிச்ச சைலன்சரையெல்லாம் நடுரோட்டுல பரப்பி ரோடு ரோலர் ஏத்தின காட்சி பாத்திருப்பீங்க.

ஆனா நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லல. எங்க தெருவுல மாடி வீட்டுல பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா ஒரு அம்மா இருந்தாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வெறும் டப்பா மாட்டின வண்டி ஒண்ணு தினமும் அந்த வழியா போகும். அது போனப்புறம் அவங்களுக்கு விடியற வரைக்கும் தூக்கம் வராதுன்னு அவங்க பொண்ணு சொல்லுவாங்க. ஓட்டிட்டுப் போனவனுக்கு அது பத்து செகண்ட் சந்தோஷம். அவனுக்கு அந்த வீடு எதுன்னுகூட தெரிஞ்சிருக்காது. அதான் கொடுமை.

அந்த 1978 வண்டிக்கு நாங்க போட்ட சைலன்சர்ல நடுவுல ஓட்டை போட்ட குழாய், சுத்தி கிளாஸ் வுல் அடைச்சு, பிரிச்சு மாத்தற மாதிரி மூடி. நண்பரோட அம்மா திண்ணையில உக்காந்திருந்தாங்க. ஸ்டார்ட் பண்ணினதும், "உங்கப்பா வந்த மாதிரியே இருக்குடா"ன்னாங்க. அதுக்கப்புறம் டெசிபல் மீட்டரெல்லாம் எதுக்கு?

ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீங்க

கடைசியா ஒண்ணு. புல்லட்ங்கற பேரு 1932லேருந்து இருக்கு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல 1970ல கடையைச் சாத்தினப்புறமும் நம்ம திருவொற்றியூர்ல வண்டி ஓடிக்கிட்டே வந்துச்சு. அந்த வண்டியை வளர்த்த ஆளுங்க நாமதான். அதனால நமக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு இருக்கு.

2021ல மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. 50 வருஷம் தாண்டியிருக்கணும், மூல வடிவத்துல பராமரிச்சிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. அப்படி இருந்தா நம்பர்ல 'விஏ'ன்னு போட்டுத் தனிப் பதிவு. இப்ப 45 வயசுல நிக்கற வண்டி அஞ்சு வருஷத்துல அந்த வாசப்படிக்கு வந்துடும். அன்னிக்கு ஒரிஜினல் பைப்பும் சைலன்சரும் எங்கன்னு தேடினா, காயலான் கடையில கிலோ கணக்குல போட்டாச்சுன்னு சொல்லக்கூடாது. கழட்டினதை எண்ணெய் தடவி, சாக்குல சுத்தி, பரண்ல போடுங்க. சேசிஸ்ல ஒரு ஓட்டைகூட புதுசா போடாதீங்க. நாம செய்யற எந்த வேலையா இருந்தாலும், அடுத்து வர்றவன் ரெண்டு ஸ்பானரை வெச்சு ஒரே மத்தியானத்துல பழைய நிலைமைக்குக் கொண்டுவர முடியணும். பழைய வண்டி வேலைக்கு நான் வெச்சிருக்கற ஒரே இலக்கணம் இதுதான்.

கட்டு இந்தச் சோதனையில தோத்துடுது. பைப்பைத் தின்னுட்டுத்தான் அது பிரியும்.

அதனால கட்டு வாங்க வெச்சிருக்கற காசை நல்ல வெல்டிங்குக்கும், ஒரு நல்ல ராக்கர் கேஸ்கெட்டுக்கும் குடுங்க. மிச்சம் இருந்தா வளைச்சுக் குடுத்தவருக்கு ஒரு டீ, ரெண்டு மசால்வடை. மாற்றுக்கருத்து இருக்கறவங்க தாராளமா வந்து திட்டலாம். ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க வண்டி கட்டை ஒருதடவை பிரிச்சுப் பாத்துட்டு வாங்க மக்களே :-)